மண்டபமும் மணலும்

நம் ஊர்களில் டவுன் ஹால் என்பது பெரும்பாலும் ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயராக மிஞ்சியிருக்கிறது. கோயம்புத்தூரில் கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இறக்கிவிடுகிறார். இறங்குகிறவர்களில் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கிறவர் அபூர்வம். மதுரையில் அது ஒரு ரோட்டின் பெயர். ஸ்டேஷனிலிருந்து மீனாட்சி கோயில் பக்கமாகப் போகிறவர்கள் நடக்கும் ரோடு. சென்னை டவுன் ஹாலுக்கு இந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே செங்கல் சிவப்பாக நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், பாதிப் பேர் ரயில்வே ஆபீஸ் என்பார்கள், மீதிப் பேர் கோர்ட்டு என்பார்கள். இரண்டுமே அதிகாரத்தின் இடங்கள். கூடிப் பேசுவதற்கென்று, கூடிக் கேட்பதற்கென்று மட்டும் ஒரு கட்டடம் இருக்க முடியும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

நான் இருப்பது கோவளத்தில். கட்டடங்களைப் பற்றிப் பேசத் தகுதியில்லாத ஊர். இங்கே ஒரு கோட்டை இருந்தது. 1752-ல் கிளைவ் வந்து அதைப் பிடித்தான், பிறகு அதை இடித்துத் தள்ளினார்கள். கோட்டை நின்ற இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். மாதா கோயிலும் தர்காவும் இருக்கின்றன. ஊர் கூடுவது என்றால் இந்த இரண்டில் ஒன்றின் திருவிழாவில், இல்லையென்றால் கடற்கரை மணலில். மீனவர் பஞ்சாயத்தும் மணலில்தான். எனவே மண்டபம் என்ற ஒன்றின் மேல் எனக்கு இருக்கும் ஈடுபாடு, இல்லாதவன் படும் ஆசைதான்.

முதல் தடவை அங்கே போனது 2010-ல், பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடக மேடை நினைவுகளைப் படித்துவிட்டு, அவர் நடித்த மேடையைப் பார்க்க வேண்டுமென்று போனேன். கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உள்ளே ஒண்ணும் இல்ல தம்பி” என்றார். இரண்டாவது தடவை 2023-ன் கடைசியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, கவிதை எழுதும் நண்பர் ஒருவருடன். அந்த வருஷம் மாநகராட்சி சீரமைப்பு வேலையை ஆரம்பித்திருந்தது. கட்டடத்தைச் சுற்றிச் சாரம், வலை, மணல் குவியல். மேஸ்திரி ஒருவர் இரக்கப்பட்டுத் தாழ்வாரம் வரை விட்டார். கால் மணி நேரம் இருந்திருப்போம். இந்தக் கட்டுரை அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றியது.

*

கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். சென்னையில் கடற்கரையோரம் போகிறவன் இவர் கைவேலையைப் பார்க்காமல் போக முடியாது. பிரஸிடென்ஸி காலேஜ், செனட் ஹவுஸ், ஜார்ஜ் டவுன் தலைமைத் தபாலாபீஸ் எல்லாம் இவருடையவை. கட்டியவர் நம்பெருமாள் செட்டி. ஹைகோர்ட்டைக் கட்டியவரும் இவரே. சிஷோம் பாணிக்கு இந்தோ சாரஸனிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றுதானே தவிர இவர் கட்டடங்கள் ஒன்றுபோல் இல்லை. செனட் ஹவுஸில் பைஸாந்தியமும் முகலாயமும் கலந்து ஒரு கோலாகலம். டவுன் ஹாலில் அந்தக் கோலாகலம் இல்லை. வளைவுகள் ஐரோப்பிய மத்திய காலத்து மாதாகோயிலை நினைவுபடுத்துகின்றன. கூரைக்குக் கீழே சுடுமண் வேலை ஒரு பட்டைபோல ஓடுகிறது. தள்ளி நின்று பார்த்தால் அரபு எழுத்தணியோ என்று தோன்றும். பக்கத்தில் எழும் சதுரக் கோபுரத்தின் தலையில் இருப்பதோ கூம்பிய மலையாளத்துக் கூரை. திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூஸியத்தைக் கட்டப் போனபோது அந்த ஊர் மரக்கூரைகளைச் சிஷோம் உட்கார்ந்து படித்தார், பிறகு சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மேல் பார்வைக்கு இது ஒட்டுவேலை. நம்மில் பலர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறோம்: காலனி ஆட்சியின் அலங்கார இச்சை, அங்கொன்றும் இங்கொன்றும் பிய்த்துச் சேர்த்தது, வேரில்லாதது. நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். தாழ்வாரத்தில் நின்றபோதுதான் அந்தத் தீர்ப்பு புஸ்தகத்தைப் பார்த்துச் சொன்னது, கட்டடத்தைப் பார்த்துச் சொன்னதல்ல என்று பட்டது.

மண்டபத்தின் வடக்கிலும் தெற்கிலும் நீள நெடுக இந்தத் தாழ்வாரங்கள். மெலிந்த தூண்கள், தூண்களுக்கு மேல் வளைவுகள். தூணின் தலையில் கிரேக்க இலை வேலைப்பாடு. ஆனால் தாழ்வாரம் என்ற கருத்து கிரேக்கத்துடையதல்ல, நம் வெயிலுடையது. உள்ளே அறுநூறு பேர் உட்காரலாம், மாடியிலும் ஒரு அறுநூறு, அதன் கிழக்குக் கோடியில் இருநூறு பேருக்கு மேல் கொள்ளும் ஒரு மரக் காலரி. இவ்வளவு ஜனங்களை சென்னை வெயிலில் ஒரு செங்கல் பெட்டிக்குள் அடைத்தால் ஒரு மணி நேரம் தாங்காது. எனவே பெட்டிக்கு இருபுறமும் நிழல் வைத்தார். வெயில் நேராகச் சுவரில் விழாது, காற்று மட்டும் உள்ளே வரும். உள்ளே இருக்கிறவனுக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் தன்னை அறியாமல் இன்னொருவனுக்கும் இடம் ஒதுக்கிவிட்டார் சிஷோம்: உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்று கேட்கிறவனுக்கு. இதை நான் பிறகு எடுத்துக்கொள்கிறேன். முதலில் உள்ளே இருந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

*

பாங்கில் குத்தகைப் பத்திரங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அடி மண் யாருடையது, பணம் யார் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும்.

சென்னைக்கு ஒரு டவுன் ஹால் என்ற யோசனை மண்டபத்தைவிட இருநூறு வருஷம் பழசு. கார்ப்பரேஷனை ஏற்படுத்திய 1687-ம் வருஷத்துச் சாஸனமே, ஊராரிடம் வரி போட்டு ஒரு டவுன் ஹாலும் ஒரு ஜெயிலும் ஒரு பள்ளிக்கூடமும் கட்டிக்கொள்ள அதிகாரம் கொடுத்தது. லண்டனில் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த ஜோஸையா சைல்டின் கணக்கு சுலபமானது. நாம் பலவந்தமாகப் போட்டால் ஆறு பென்ஸ் கொடுக்க அழுகிறவன், தானே தனக்குப் போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங் கொடுப்பான். ஆக மக்கள் பிரதிநிதித்துவம் இங்கே வந்து இறங்கியது வரி வசூலிக்கும் ஒரு தந்திரமாக. ஊரார் இதைப் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. வரி கட்ட மறுத்தார்கள். டவுன் ஹால் வரவில்லை.

1882-ல் நகரத்துப் பிரமுகர்கள் கூடி மறுபடி முடிவு செய்தபோது வரி என்ற பேச்சே இல்லை, நன்கொடைதான். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு 1883 டிசம்பர் 17-ம் தேதி அஸ்திவாரக் கல் நாட்டினார். அவரும் மற்ற சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும் பணம் கொடுத்தார்கள். நகரசபை தன் பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் நிலத்தை, கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில், 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. 1887-ல் விக்டோரியா மகாராணியின் ஐம்பதாவது ஆட்சி வருஷம் குறுக்கிட்டதால் அவர் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. 1880-களின் கடைசியில் கவர்னர் கானமரா பிரபு திறந்துவைத்தார். நிர்வாகம் ஒரு டிரஸ்டின் கையில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐரோப்பாவில் டவுன் ஹால் என்றால் ஊரை ஆளும் இடம். மான்செஸ்டரிலும் ஹாம்பர்கிலும் மேயர் உட்காருவது அங்கேதான், கவுன்ஸில் சண்டை போடுவது அங்கேதான். கூடும் உரிமையும் ஆளும் உரிமையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சென்னையில் கூரையைக் கொடுத்தார்கள், ஆட்சியைக் கொடுக்கவில்லை. பிற்பாடு நகராட்சிக்கென்று ஒரு வீடு கட்டியபோது, அதைப் பக்கத்து மனையில் தனியாக, வெள்ளை வெளேரென்று, வேறொரு பாணியில் கட்டினார்கள். அதுதான் 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை. இன்றும் ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத பங்காளிகள் மாதிரி நிற்கின்றன. ஒன்றில் தீர்மானம் போடுவார்கள், மற்றதில் நாடகம் போடுவார்கள்.

*

நாடகம் என்று நான் ஏளனமாகச் சொல்லவில்லை. இந்த மண்டபம் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான் என்பது என் கட்சி. 1891-ல் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு சபை இங்கே போட்ட தெலுங்கு நாடகத்தைச் சம்பந்த முதலியார் பார்த்தார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிப்பது அவருக்குப் புதுசு. அதே வருஷம் ஜூலை 1-ம் தேதி நண்பர்களோடு சுகுண விலாஸ சபையை ஆரம்பித்தார். 1893-ல் ‘புஷ்பவல்லி’ இந்த மேடைக்கு வந்தது. பிறகு பல ஆண்டுகள் சபைக்கு இதுதான் வீடு. ஹாம்லெட் ‘அமலாதித்ய’னாகத் தமிழ் பேசினான், மாக்பெத் ‘மகபதி’யானான். வக்கீல்களும் பின்னாளில் சட்டசபைக்குப் போனவர்களும் வேஷம் கட்டினார்கள். சத்தியமூர்த்தி ‘மனோஹரா’வில் நடித்திருக்கிறார். பெண் வேஷம் ரங்கவடிவேலு, அவரும் வக்கீல்.

இந்த நாடகங்களை இன்று வாசிக்க முடியவில்லை. ஆங்கிலம் படித்தவன் என்ற ஹோதாவில் சொல்கிறேன், அந்த ஹாம்லெட்டிடம் ஹாம்லெட்டின் சந்தேகம் இல்லை, ஷேக்ஸ்பியரின் கதைதான் இருக்கிறது. வசனம் விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் இதைச் சொல்லி முடித்துவிட்டால் விஷயத்தைத் தவறவிடுகிறோம். புதிதாக உண்டானது நாடகம் அல்ல, பார்வையாளன். குறித்த நேரத்துக்கு வந்து, டிக்கட் கொடுத்து, நம்பர் போட்ட இடத்தில் உட்கார்ந்து, ஒரே திசையைப் பார்த்து, இடையில் பேசாமல், பாட்டே இல்லாத நீண்ட வசனத்தை முடிவு வரை கேட்கும் ஒரு ஆள். தமிழுக்கு இவன் புது ஆள்.

என் தாத்தா இப்படிப்பட்ட ஆள் அல்ல. அவர் பார்த்தது கூத்து. கோவளத்துக்கு மேற்கே உள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் நடக்கும், ராத்திரி தொடங்கி விடிகிற வரை. மூன்று பக்கமும் ஜனம். தூங்குகிறவன் தூங்குவான், குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் கொடுப்பாள், கட்டியக்காரன் நடுவில் வந்து உன் வீட்டு விவகாரத்தையும் என் வீட்டு விவகாரத்தையும் இழுத்துப் பேசுவான். துரியோதனன் விழுகிற நேரத்துக்கு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். கூத்தில் பார்வையாளன் ஊர்; மண்டபத்தில் பார்வையாளன் ஒரு தனி மனுஷன். இருட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தனி மனுஷன் இல்லாமல் நாவல் இல்லை, புதுக்கவிதை இல்லை, இந்தப் பத்திரிகையும் இல்லை. நாம் எல்லோரும் அந்த அறுநூறு நாற்காலிகளின் வாரிசுகள். சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’வை ஆரம்பித்தபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது எனக்கு இந்த மண்டபத்தின் காரியமாகவே படுகிறது. அவரும் முதலில் நாற்காலிகளை எண்ணிவிட்டுத்தான் பேச உட்கார்ந்தார்.

வாரிசு என்றால் சொத்தோடு கடனும் வரும். சபைக்காரர்கள் தங்களைக் கூத்தாடிகளிடமிருந்து பிரித்துக்காட்டுவதில் படாத பாடு பட்டார்கள். கௌரவம் என்ற சொல்லின் அர்த்தமே அவர்களுக்கு அதுதான். கூத்து ஒரு கலை என்று படித்த தமிழனுக்குத் தெரிய எண்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. ந. முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அதைச் செய்தவர் ‘எழுத்து’ வழியாக வந்தவர் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கதவைச் சாத்தியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அதைத் திறந்துவிட வேண்டும்?

*

கதவு சாத்தியிருந்தது என்பதை மண்டபம் தன் பத்தாவது வயதிலேயே தெரிந்துகொண்டது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிச் சென்னைக்கு வந்தார். விக்டோரியா ஹாலில் வரவேற்பு. உள்ளே இடம் நிரம்பிவிட்டது, வெளியே இருந்த கூட்டம் உள்ளே இருந்ததைப்போலப் பல மடங்கு. வெளியே இருந்தவர்கள் கத்தின கத்தலில் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுந்து வெளியே போய் ஒரு கோச்சு வண்டியின் மேல் ஏறி நின்று, குருக்ஷேத்திரத்தில் கண்ணன் ரதத்திலிருந்து பேசினது போல இருக்கிறது என்று சொல்லிப் பேச ஆரம்பித்தார். அந்த இரைச்சலில் அதுவும் அதிக நேரம் முடியவில்லை. சில நாள் கழித்துத் திரும்ப அதே மண்டபத்துக்குள் வந்துதான் தன் திட்டத்தை நிதானமாகச் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வண்டி மேல் நின்று சொன்னது உற்சாகம், மண்டபத்தில் சொன்னது யோசனை. ஒரே ஆள், ஒரே வாரம். இடம் மாறினபோது பேச்சின் ஜாதியே மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மண்டபத்துக்கு மகாராணி பெயரை யோசனை சொன்ன கவர்னர் கிராண்ட் டஃப்தான் 1884-ல் கடற்கரையோரம் ஒரு நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயர் வைத்தவர். துரைமார் மாலையில் காற்று வாங்கப் போட்ட பாதை. இருபத்து மூன்று வருஷம் கழித்து, 1907-ல், பாரதியும் நண்பர்களும் பிபின் சந்திர பாலை அழைத்து வந்து அந்தக் கடற்கரை மணலில் பேச வைத்தார்கள். டிக்கட் இல்லை, நாற்காலி இல்லை, டிரஸ்டின் அனுமதி இல்லை. அன்றைக்கே மண்டபம் தோற்றுவிட்டது என்று சொல்லலாம். அதன் பிறகு தமிழ் அரசியல் மணலில் நடந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடினது வரை நடந்தது. பிறகு அங்கே போராடக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு கவர்னர் போட்ட இரண்டு இடங்களில் ஒன்று பூட்டிக் கிடந்தது, மற்றதில் சிலைகளும் சமாதிகளும் மட்டும் பேசலாம்.

மணலுக்கு வந்தது ஜனநாயகம். அதில் சந்தேகமில்லை. ஆனால் மணல் தமிழை என்ன செய்தது என்பதையும் நாம்தான் கேட்க வேண்டும், வேறு யாரும் கேட்க மாட்டார்கள். மணலில் பேசுகிறவன் கடைசி வரிசைக்குப் பேசுகிறான். மைக் வந்த பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. அடுக்குச் சொல், எதுகை, வாக்கியத்தின் முடிவில் கைதட்டலுக்கு விட்ட இடைவெளி எல்லாம் அங்கே கற்றுக்கொண்டவை. பிறகு அந்தக் குரலே சினிமா வசனமாயிற்று, சினிமா வசனமே எழுத்தாயிற்று. “எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை” என்ற வாக்கியத்தை மணலில் நின்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அந்த வாக்கியத்துக்கு நாலு சுவரும் கொஞ்சம் அமைதியும் வேண்டும்.

*

நாலு சுவரைப் பற்றி இப்படிப் பேசும்போதெல்லாம் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்து வாயை அடைக்கும். நம் ஜில்லாப் பக்கத்து ஊர், கோவளத்திலிருந்து புறப்பட்டால் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டினவை. சபைக்கு ஆள் எடுக்கும் விதிகள். தமிழ்நாட்டில் ஊர் மண்டபம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். குடும்புக்கு ஒருவராக ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது. பாங்க்காரனுக்கு இதைப் படிக்க எவ்வளவு இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வரிகளில் இனிப்பு போய்விடும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் ஊர், பிராமணர்களின் சபை. மேடையில் நம் தலைவர்கள் ஆயிரம் வருஷத்து ஜனநாயகம் என்று சொல்கிறபோது சுவரின் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

ஆனாலும் உத்திரமேரூரிடம் ஒரு நேர்மை உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். விரும்பினால் சண்டை போடலாம். விக்டோரியா மண்டபத்தில் அப்படி எழுதவில்லை. பொது மண்டபம் என்று பெயர் வைத்துவிட்டு வாசலில் டிக்கட் விலையையும் உள்ளே வேஷ்டியின் வெளுப்பையும் பார்த்தார்கள். விதி இருந்தது, எழுத்தில் இல்லை.

நம்முடைய கூட்டங்கள்? மாதம் ஒரு முறை கூடுகிறோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, மூன்றாம் கிளாஸ் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து இருத்தலியம் பேசியிருக்கிறோம். போன தடவை பதினோரு பேர். இங்கே டிக்கட் இல்லை, ஜாதி கேட்பதில்லை. ஆனால் விதி இருக்கிறது. என்னென்ன படித்திருக்க வேண்டும், எந்தெந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டும், எதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பதெல்லாம் உள்ளே வந்து ஒரு வருஷம் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். கல்லில் வெட்டாத கல்வெட்டு.

எங்கள் தெருப் பையன் ஒருவன், கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த பிறகு அப்பாவோடு கடலுக்குப் போகிறவன், பிளஸ் டூ வரை படித்தவன், பாங்கில் கணக்குத் திறக்க என்னிடம் ஃபாரம் எழுத வந்தான். மேஜையில் இந்தப் பத்திரிகை கிடந்தது. புரட்டினான். ஒரு கவிதையை உதடு அசையப் படித்தான். பிறகு, “அண்ணே, இது யாருக்கு எழுதுறது?” என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னிடம் பதில்கள் இருந்தன: மொழியின் தரம், எதிர்கால வாசகன், எண்ணிக்கை முக்கியமல்ல. எல்லாம் சரியான பதில்கள். ஒன்றையும் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

*

இப்போது தாழ்வாரத்துக்குத் திரும்புகிறேன்.

அன்று சாரத்துக்குக் கீழே அந்த நிழலில் நின்றிருந்தபோது நண்பர் சொன்னார், “இங்கே நின்னா உள்ளே பேசறதும் கேட்கும், ரோடும் கேட்கும்.” உண்மைதான். ஒரு பக்கம் வளைவுகளுக்கு அப்பால் பூந்தமல்லி ரோடு, பஸ்களின் ஹாரன், சென்ட்ரலுக்கு ஓடும் ஜனம். மறு பக்கம் கதவுகள், கதவுகளுக்குப் பின்னால் இருட்டில் அந்தப் பெரிய கூடம். 1890-களின் கடைசியில் சென்னையில் முதல் முதலாகச் சலனப் படம் காட்டியது இந்தக் கூரையின் கீழேதான் என்கிறார்கள். அப்போது காசில்லாமல் இந்தத் தாழ்வாரத்தில் நின்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவன் ஒருவனாவது இருந்திருப்பான். அவனைப் பற்றி எந்தச் சபையின் ரிக்கார்டிலும் வராது. எனக்கு அந்தக் கட்டடத்தில் மிக முக்கியமான ஆள் அவன்.

மண்டபமா மணலா என்பது தப்பான கேள்வி என்று படுகிறது. மண்டபம் வேண்டும். தாழ்ந்த குரலில் பேச, சந்தேகத்தைச் சொல்ல, ஒருவன் சொல்வதை முடிவு வரை கேட்க. நம் இலக்கியத்தின் வறுமை மணல் அதிகமாகி மண்டபம் குறைந்துபோனதால் வந்தது என்பதில் நான் இன்னும் பிடிவாதமாகவே இருக்கிறேன். ஆனால் மண்டபத்துக்குத் தாழ்வாரம் வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். நின்று கேட்கிறவன் பிடித்தால் உள்ளே வரவும் பிடிக்காவிட்டால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரோட்டில் இறங்கவும் முடிய வேண்டும். நம் வீடுகளில் திண்ணை செய்தது அதைத்தான். சிஷோம் வெயிலுக்குப் பயந்து செய்ததை நாம் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

மண்டபத்தின் 99 வருஷக் குத்தகை 1985-ல் முடிந்தது. அதே வருஷம் மே மாதம் பக்கத்தில் மூர் மார்க்கெட் எரிந்தது. நமக்கு முந்தின தலைமுறை எழுத்தாளர்கள் பழைய புஸ்தகம் பொறுக்கிப் படித்து ஆளான இடம். அது நகரத்தின் தாழ்வாரம், காசில்லாதவன் நின்றுகொண்டே படிக்கலாம். சாம்பலான இடத்தில் ரயில்வே டிக்கட் கவுன்டர் வந்தது. டவுன் ஹாலோ வழக்கும் பூட்டுமாகப் பல வருஷம் கிடந்தது. 2023-ல் 30 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிச் சீர்செய்ய ஆரம்பித்தார்கள் என்பது நல்ல செய்திதான். சுவரையும் கூரையையும் மீட்டுவிடலாம், அதற்குப் பணமும் மேஸ்திரியும் போதும். அது என்னவாக இருந்தது என்பதைப் படமும் பலகையும் வைத்துக் காட்டலாம். ஆனால் கேட்பதற்காகக் கட்டின இடத்தில் கேட்க ஒன்றும் நடக்காவிட்டால், அது ரிப்பேர் செய்த வெறும் செங்கல்.

மேஸ்திரியிடம் கேட்டேன், வேலை முடிந்த பிறகு இதைக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடுவார்களா, என்ன வாடகை இருக்கும் என்று. அவர் சிரித்தார். “எவ்வளவு பேர் வருவாங்க சார்?” என்றார். பதினோரு பேர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “நாப்பது, அம்பது” என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பையனை வரச் சொல்லியிருக்கிறேன். கடலுக்குப் போகாத நாளாக இருந்தால் வருகிறேன் என்றான். இடம் இன்னும் முடிவாகவில்லை.